முன்தோள்காரனின் முதுகு

சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னாள் அந்தப் பெண். ஆவடி மார்க்கெட்டைத் தாண்டி ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருக்கிறது அவள் வேலை பார்க்கிற பிசியோதெரபி நிலையம். முட்டிவலிக்காரர்களுக்கு வைத்தியம் செய்கிறவர்கள் எதற்காக மாடியில் கடை போடுகிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை. ஏறி வர முடிந்தவனுக்குத்தான் பிழைக்கிற யோகம் இருக்கிறது என்று நினைக்கிறார்களோ என்னவோ. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, படிக்கொரு பெருமூச்சு விட்டுக்கொண்டு, எப்படியோ போய்ச் சேர்ந்தேன்.

என் முதுகெலும்பை மேலிருந்து கீழாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"தாத்தா, உங்க வலது தோள் எறங்கி இருக்கு. இடுப்பும் அந்தப் பக்கமே சாஞ்சிருக்கு. சின்ன வயசுல ஒரே பக்கமா ஏதாச்சும் தூக்கிட்டு இருந்தீங்களா?"

"கல்லு தூக்கிகினு இருந்தேம்மா" என்றேன்.

நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்தாள். சிரித்தபடியே ஒரு தைலத்தை உள்ளங்கையில் ஊற்றி இடுப்பில் தேய்த்தாள். குப்பென்று கற்பூர வாசனை எழுந்தது. அதற்குப் பிறகு அவள் சொன்னதில் பாதி என் காதில் விழவில்லை.

விழுந்த பாதியை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், உபயோகப்படும். தரையில் சம்மணம் போட்டு உட்காரக் கூடாது. (உட்கார்ந்தால் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருப்பதால் இதை நான் ஏற்கெனவே ஒழுங்காகக் கடைப்பிடித்து வருகிறேன்.) குனிந்து வாளியைத் தூக்காமல் முட்டியை மடக்கி இறங்கித் தூக்க வேண்டும். தினமும் சமதரையில் கொஞ்சம் நடக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக நீட்டி நீட்டி மடக்க வேண்டும். கையில் கனம் இருக்கும்போது இடுப்பைத் திருப்பவே கூடாது. இந்தக் கடைசி விஷயத்தை அவள் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. அறுபது வருஷத்துக்கு முன்னால் இதே ஆவடியில் இதே புத்தியைத்தான் எல்லோரும் சொன்னார்கள். அதைக் கேட்டு நடந்ததால்தான் நான் இப்படி ஆனேன்.

கற்பூரத்துக்கு வருகிறேன். நல்லெண்ணெயைச் சூடாக்கி, அதில் கற்பூரத்தை நொறுக்கிப் போட்டுக் கரைத்து, ஆறுவதற்குள் தேய்த்துவிட வேண்டும். முனுசாமியின் கைவைத்தியம் அது. முனுசாமி என்றால் என் ஜோடி. சொந்தம் ஒன்றும் கிடையாது, ஆனால் நான் அவனை மச்சான் என்பேன், அவன் என்னை மாமே என்பான். எனக்கு அப்போது இருபது வயதுக்குக் கொஞ்சம் மேலே, அவன் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவன். ஆள் ஒல்லி. பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

யுத்த காலம். பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று மூட்டை முடிச்சோடு ஜனங்கள் மேற்கே ஓடி வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் பாரிவாக்கத்தில்கூட மாட்டுக் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி வாடகைக்கு விட்டவர்கள் உண்டு. அந்தச் சமயத்தில்தான் ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காகக் கட்டடங்கள் எழும்ப ஆரம்பித்தன. சேக்காட்டைச் சுற்றி நேற்றுவரை எள்ளும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் இன்றைக்குக் கயிறு கட்டி அஸ்திவாரம் தோண்டுவார்கள். ஆள் போதவில்லை. எங்களுக்கு இருந்த நிலம் என் அண்ணன் ஒருவனுக்கே வேலை கொடுக்கப் போதாது. நான் விடிவதற்கு முன் கிளம்பி நடந்து போய், கல் தூக்குகிற கூட்டத்தில் சேர்ந்துகொண்டேன்.

பல்லாவரத்துப் பக்கமிருந்து கருங்கல் மாட்டு வண்டியில் வரும். வண்டி நிற்கிற இடத்திலிருந்து கட்டடம்வரைக்கும் நாங்கள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நிலைப்படிக் கல், தளக்கல் என்று எல்லாமே நீளமும் கனமும். அதைத் தலையில் தூக்க முடியாது. கல்லைக் கயிற்றில் கட்டி, கயிற்றை ஒரு சவுக்குத் தண்டில் மாட்டி, தண்டின் ஒரு நுனியை ஒருவனும் மறு நுனியை இன்னொருவனும் தோளில் வைத்துக்கொண்டு நடப்பார்கள். கல் நடுவில் ஊஞ்சலாடிக்கொண்டு வரும். முன்னால் போகிறவன் முன்தோள், பின்னால் வருகிறவன் பின்தோள். முன்தோள் வழி பார்க்க வேண்டும், குழி மேடு சொல்ல வேண்டும். கயிறு பின்தோளுடைய பொறுப்பு. நான் முன்தோள், முனுசாமி பின்தோள். முன்தோள் என்றால் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு. மாப்பிள்ளை ஊர்வலத்தில் முன்னால் போகிறவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போவேன்.

கயிறு தண்டுக்கு நடுவில் இருக்கிறவரைக்கும் கனம் ஆளுக்குப் பாதி. கொஞ்சம் முன்னே நகர்ந்தால் முன்தோளுக்குக் கூடும், பின்னே நகர்ந்தால் பின்தோளுக்குக் கூடும். கட்டடத்துக்குப் போகிற வழியில் ஒரு மண் சரிவு இருந்தது. அதில் ஏறும்போது தண்டு சாய்வதால் கயிறு பின்தோள் பக்கம் சறுக்கி வரும். அப்படி வராமல் பின்தோள் அதைக் கையால் முன்னே தள்ளிப் பிடித்துக்கொள்வான். ஏறி முடித்துச் சமதரைக்கு வந்ததும் பழையபடி நடுவுக்கு விட்டுவிட வேண்டும். அதுதான் முறை. யாரும் சொல்லித் தரத் தேவையில்லாத முறை.

இன்னொரு முறையும் உண்டு. முன்தோள் திரும்பிப் பார்க்கக் கூடாது. சுமையோடு திரும்பினால் இடுப்பு முறுக்கிக்கொள்ளும், அப்புறம் ஆயுசுக்கும் நிமிர முடியாது என்பார்கள். அது ஒரு காரணம். வாய்விட்டுச் சொல்லாத காரணம் வேறு. திரும்பிக் கயிற்றைப் பார்த்தால், பின்னால் இருக்கிறவனைத் திருடன் என்று சொன்னதாக அர்த்தம். அப்படித் திரும்பிப் பார்த்த ஒருவனுடைய ஜோடி, நடுவழியில் தண்டை இறக்கி வைத்துவிட்டு, "என் கைமேல நம்பிக்கை இல்லன்னா வேற ஆள பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன். எல்லோரும் போனவன் பக்கம்தான் பேசினார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்வதில் எங்களுக்குக் குறைவே கிடையாது. தூக்குவதற்கு முன் நீளமான துணியை இடுப்பில் இறுக்கச் சுற்றிக்கொள்வோம். தண்டைத் தோளில் வைக்கும்போது குந்தி உட்கார்ந்து, தொடையை ஊன்றி எழுவோம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் தவறாது. எலும்புக்கு நல்லது என்று பிரண்டைத் துவையல். பிரண்டையைச் சரியாக வதக்காவிட்டால் நாக்கும் தொண்டையும் அரித்துத் தள்ளும். முட்டி பிழைக்கட்டும் என்று தொண்டையைப் பலி கொடுத்த நாட்களும் உண்டு. வாரத்தில் ஒரு நாள் பூந்தமல்லியில் ஒரு பாய் கடையில் ஆட்டுக்கால் சூப். மிளகு தூக்கலாக, மேலே எண்ணெய் மிதக்க, கண்ணில் தண்ணீர் வர வர குடிப்போம். முனுசாமிதான் வாங்கித் தருவான்.

"குடி மாமே. முட்டிக்கு நல்லது. நீ நல்லாருந்தாதான் நான் நல்லாருப்பேன்" என்பான்.

என்னைவிட எனக்காக இன்னொருவன் கவலைப்படுகிறான் என்பது எவ்வளவு பெரிய விஷயம், யோசித்துப் பாருங்கள். என் சொந்த அண்ணன் ஒரு கடலை மிட்டாய் வாங்கித் தந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த ஐப்பசி மழை விட்ட பிறகுதான் வலி ஆரம்பித்தது. முதலில் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, வலது பக்கம், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு. பிறகு அது தொடை வழியாக இறங்கி முட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. காலையில் எழுந்தால் கால் என் பேச்சைக் கேட்காது. வீட்டில் யாராவது பார்ப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடந்து பழக்கிவிடுவேன். இந்த வயதில் எனக்கென்ன வலி என்று எனக்கே வெட்கம். ஏதோ ஒரு நாள் கல்லை இறக்கும்போது முகத்தைச் சுளித்துவிட்டேன் போலிருக்கிறது, முனுசாமி கண்டுபிடித்துவிட்டான்.

"இன்னா மாமே, இடுப்பா?"

"ஒண்ணுமில்ல மச்சான்."

"சும்மா சொல்லாத. சாயந்தரம் ஊட்டுக்கு வா."

சேக்காட்டில் அவன் வீடு. வாசலில் என்னைக் குப்புறப் படுக்க வைத்து, கற்பூரம் போட்ட நல்லெண்ணெயைத் தேய்த்துவிட்டான். எங்கே வலிக்கிறது என்று நான் சொல்லவே இல்லை. அவன் கட்டைவிரல் நேராக அந்த ரூபாய்க் காசு இடத்தில் போய் நின்றது. சொர்க்கமாக இருந்தது எனக்கு. இப்படி ஒரு ஜோடி கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ என்று நினைத்துக்கொண்டே அங்கேயே தூங்கிப் போனேன். பிறகு வாரத்தில் பாதி நாள் இதே வழக்கமாகிவிட்டது. அவன் பெண்சாதி எனக்கும் சேர்த்துக் களி கிண்டி வைப்பாள்.

இடையில் இன்னொரு சங்கடம். நடக்கும்போது கல் என் கெண்டைக்காலில் வந்து உரச ஆரம்பித்தது. சில நாள் தோல் வழன்று ரத்தம் கசியும். திரும்பாமலே கேட்டேன்.

"கல்லு கால்ல இடிக்குது மச்சான்."

"உன் நடை கட்டையா பூட்ச்சி மாமே. கால கொஞ்சம் எட்டி வை" என்றான் பின்னாலிருந்து.

வலியில் கால் குறுகத்தான் செய்யும், அவன் சொல்வது நியாயம்தானே என்று எட்டி வைத்து நடந்தேன். அதற்கு முட்டி இன்னும் கொஞ்சம் அழுதது. கல் நடுவில் தொங்கினால் அது எப்படி என் காலை எட்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னைக் கெட்டிக்காரன் என்று சொல்லியிருக்கிறார்.

மார்கழி மாதம். கட்டி முடித்த ஒரு நீளமான கொட்டகைக்கு அன்றுதான் வெள்ளையடித்திருந்தார்கள். பின்னால் இருக்கிற அடுத்த கொட்டகைக்குக் கல் கொண்டுபோக, அந்தச் சுவரை ஒட்டியே வடக்கே நடந்தோம். அதுவரை எங்கள் வழியில் சுவர் என்று ஒன்று இருந்ததில்லை. மண் குவியலும் புதருமாக இருந்த தரையில் விழுகிற நிழல் கலைந்துதான் கிடக்கும், அதை யாரும் கவனிப்பதும் இல்லை. சாயங்கால வெயில் இடது பக்கம் பின்னாலிருந்து அடித்தது. வலது பக்கம், எனக்குக் கொஞ்சம் முன்னால், வெள்ளைச் சுவரில் எங்கள் நிழல் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு ஆட்கள், ஒரு தண்டு, ஒரு கல். முதலில் எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. நம் நிழல் நன்றாக இருக்கிறதே என்று ரசித்துக்கொண்டே நாலடி நடந்தேன். பிறகுதான் கல்லைப் பார்த்தேன். அது நடுவில் இல்லை. முன்னால் போகிறவனின் முதுகை ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. முன்னால் போகிற நிழல் வளைந்து வளைந்து போயிற்று. பின்னால் வருகிற நிழல் வெறும் தண்டைத் தோளில் வைத்துக்கொண்டு திருவிழாவுக்குப் போகிறவன் மாதிரி நிமிர்ந்து வந்தது. அதனுடைய ஒரு கை நீண்டு கயிற்றைப் பிடித்திருந்தது.

சரிவு தாண்டி வெகுதூரம் வந்திருந்தோம். நல்ல சமதரை.

சுவர் முடிகிறவரைக்கும் நான் நடந்தேன். கயிறு இப்போதாவது பின்னே போய்விடும், அவன் மறந்திருப்பான், இதோ விட்டுவிடுவான் என்று சுவரையே பார்த்துக்கொண்டு போனேன். அந்தக் கை நகரவே இல்லை. சுவர் முடிந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து தண்டை இறக்கினேன். பிறகு எழுந்து திரும்பினேன். கயிற்றிலிருந்து கையை எடுக்க அவனுக்கு நேரம் போதவில்லை.

"எத்தினி நாளா மச்சான்?"

முதலில் சிரிக்கப் பார்த்தான். "இன்னா எத்தினி நாளா?"

"கயிறு."

அவன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். துடைக்க அங்கே வியர்வையே இல்லை.

"மழைக்கு முன்னாடி எனுக்கு இடுப்பு புட்ச்சிகிச்சி மாமே. எந்திரிக்கவே முடியல. மேஸ்திரிக்குத் தெரிஞ்சா ஊட்டுக்கு அனுப்பிடுவான். உனுக்கு தோள் கீது. தாங்குவேன்னு தெரியும்."

"என்னாண்ட கேட்டிருந்தா நானே புடிச்சிருப்பேனே."

"கேட்டா நீ எவன்கிட்டனா சொல்லிடுவியோன்னு பயம்."

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், கயிற்றை நகர்த்தியதைவிட எனக்கு வலித்தது இதுதான். கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். அவன் இடுப்பு சரியாகும்வரைக்கும் முக்கால் பங்கை நானே சுமக்கிறேன் என்று சொல்லியிருப்பேன், ஒரு பயலுக்கும் மூச்சு விட்டிருக்க மாட்டேன். அவன் கைமேல் நம்பிக்கை வைத்து நான் திரும்பாமல் நடந்துகொண்டிருந்தேன். அவனுக்கு என் வாய்மேல் அந்த அளவுகூட நம்பிக்கை இல்லை. சூப் வாங்கித் தந்தானே, அது வண்டி மாட்டுக்குப் போடுகிற பருத்திக்கொட்டை. கட்டைவிரல் நேராக வலி இருக்கிற இடத்துக்குப் போனதே, அவன் வைத்த வலி அவனுக்குத் தெரியாதா?

கூட்டத்தில் கங்கம்மா என்று ஒருத்தி இருந்தாள். வேப்பம்பட்டுக்காரி, சாந்துச் சட்டி சுமப்பவள், எல்லோரையும் நைனா என்றுதான் கூப்பிடுவாள். தண்ணீர்ப் பானையருகே நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு அவளாகவே பக்கத்தில் வந்தாள்.

"பாத்துட்டியா நைனா?"

நான் அவளைப் பார்த்தேன். "உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எல்லாருக்குந்தான் தெரியும். பின்னாலயே வந்துகினு கீறோம், கண்ணு இல்லியா எங்களுக்கு? ஜோடிக்குள்ள பூந்து பேசக் கூடாதுன்னுட்டு கம்முனு இருந்தோம்."

அதுவும் ஒரு முறைதான். புருஷன் பெண்சாதி சண்டையில் தலையிடாத மாதிரி, ஜோடிக்குள் மூன்றாவது ஆள் வாய் வைக்கக் கூடாது. முறையாகத்தான் நடந்துகொண்டார்கள் எல்லோரும். மழை விட்டதிலிருந்து அன்றுவரை அத்தனை பேரும் என் முதுகுக்குப் பின்னால் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறார்கள். மதியச் சோற்றில் எனக்கு ஊறுகாய் பங்கு வைத்திருக்கிறார்கள். "இன்னாப்பா சாய்ஞ்சி சாய்ஞ்சி நடக்குற" என்று கிண்டல்கூடச் செய்திருக்கிறார்கள். அந்தக் கிண்டலுக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். எல்லோருக்கும் தெரிந்து எனக்கு மட்டும் தெரியாத ஒன்றை நானே தோளில் சுமந்துகொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் நான் போகவில்லை. மேஸ்திரியிடம் எதுவும் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் முனுசாமியின் வேலை போயிருக்கும், அவன் பயந்தது சரி என்று ஆகியிருக்கும். அந்தத் திருப்தியை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. பூந்தமல்லியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். உட்கார்ந்து பார்க்கிற வேலை, முட்டிக்கு நல்லது என்றார்கள். நாள் முழுக்க உட்கார்ந்து முட்டி மரத்துப்போனது தனிக் கதை.

முனுசாமி தேறிவிட்டான். கால் பங்குச் சுமையோடு அத்தனை நாள் நடந்ததில் அவன் இடுப்புக்கு நல்ல ஓய்வு கிடைத்துவிட்டது. பிற்காலத்தில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலை நேரத்தில் அவன் நடந்து போவதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கோல் மாதிரி நிமிர்ந்து நடப்பான். "அந்தப் பெரியவரு இந்த வயசுலயும் எப்படி நடக்கிறாரு பாருங்க, உடம்பை எப்படிக் காப்பாத்தணும்னு அவர்கிட்டதான் கத்துக்கணும்" என்று என் மகனே ஒரு தடவை என்னிடம் சொன்னான். எனக்கு வாய் துறுதுறுத்தது. அந்த நிமிர்விலே பாதி என்னுடையதடா என்று சொன்னால் அவனுக்கு என்ன புரியும்? ஆமாம் என்று தலையாட்டிவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு நடந்தேன். முனுசாமி போன வருஷம் போய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள். நான் போகவில்லை. பாடையில் முன்தோள் யார் பின்தோள் யார் என்று பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

சவுக்குத் தண்டில் கல் தூக்குகிறவர்களை இப்போது எங்கேயும் காணோம். லாரியிலேயே ஒரு இரும்புக் கை இருக்கிறது, அது தூக்கி வைத்துவிடுகிறது. எள் விளைந்த நிலமும் இல்லை, பாய் கடை இருந்த இடத்தில் பேருந்து நிற்கிறது. போனதில் பெரும்பாலானவற்றுக்காக நான் வருத்தப்படுவதில்லை. கல்லைத் தண்டில் தூக்குகிற பிழைப்பு ஒழிந்ததே நல்லது.

ஒன்றே ஒன்று போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பின்னால் ஒருவர் வருகிறார் என்று தெரிந்தும் திரும்பாமல் நடக்க அந்த மார்கழிக்கு முன்னால் எனக்குத் தெரிந்திருந்தது. கழுத்து நேராக இருக்கும், கண் வழியைப் பார்க்கும், மனசு எதையாவது பாடிக்கொண்டிருக்கும். அது அன்றோடு சரி. அடுத்த வைகாசியில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் நடக்க, அவள் பின்னால் வர, மணவறையைச் சுற்றி வந்தோம். இரண்டடி வைப்பதற்குள் என் கழுத்து தானாகத் திரும்பியது. மறுபடி இரண்டடி, மறுபடி திரும்பியது. அவள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளைக்கு அதற்குள் என்ன அவசரம் என்று யாரோ கேட்க, பந்தலே சிரித்தது. அன்றைக்கே இவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார் என்று என் மனைவி இன்றும் பேரப் பிள்ளைகளிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறாள்.